கடவுச்சீட்டு இல்லாத பதினொருவர்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் காலையில் அக்கரைப்பற்றிலிருந்து என் பழைய நண்பர் ஒருவர் ஆலையடிவேம்பிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நானும் ஓய்வுபெற்றவன். அவருடைய ஊர் எங்கே முடிந்து என்னுடைய ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை அயலூரான் ஒருவன் கண்டுகொள்வது எளிதன்று. அங்கு வாழ்வோருக்கோ அது தூக்கத்திலும் தெரியும்.

வந்தவர் கதிரையில் அமருமுன்னரே தம் கைத்தொலைபேசியை என் முன்னே நீட்டினார். முந்திய இரவு ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில், சான் மமெஸ் அரங்கில் நடந்த உதைபந்தாட்டம் அது. பாலஸ்தீன அணி ஆடியிருந்தது. மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றுவிட்டது. எனினும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் எழுந்து நின்று அவ்வணிக்குக் கைதட்டிய காட்சியிலே நண்பர் உள்ளம் நெகிழ்ந்திருந்தார். பின்னர் திடீரென்று, "அது கிடக்கட்டும் மச்சான், மற்றப் பக்கம் ஆடினவங்க ஆரு? ஸ்பெயின் இல்லையாமே?" என்று கேட்டார்.

ஸ்பெயின் அன்று; பாஸ்க் அணி என்றேன். அது எந்த நாடு என்றார். நாடன்று என்றேன். நாடில்லாதவர்களுக்கு அணி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்து, "பிறகு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் 'பிறகு'வுக்கு நான் அன்று சொன்ன விடையையே, சற்று ஒழுங்குபடுத்தி, வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. பாலஸ்தீனத்தை இன்னும் எல்லா நாடுகளும் நாடென ஏற்கவில்லை. ஆயினும் அதன் உதைபந்தாட்டச் சங்கம் 1998ஆம் ஆண்டு முதல் சர்வதேசச் சம்மேளனமாகிய பீஃபாவின் உறுப்பு. பாஸ்க் மக்களுக்கோ தம் நிலத்திலே சொந்தப் பாராளுமன்றமும் அரசாங்கமும் வரி வசூலிக்கும் அதிகாரமுங்கூட உண்டு. ஆனால் பீஃபாவின் பட்டியலில் இடமில்லை. குண்டு விழும் மண்ணிலிருந்து வந்தவர்கள் அங்கீகாரம் பெற்ற விருந்தினர். அமைதியான அரங்கிலே அவர்களை வரவேற்றவர்கள் அங்கீகாரமற்ற வீட்டுக்காரர்.

பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியிலே, அத்திலாந்திக் கடலோரமாக, ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பிரிந்து கிடப்பது பாஸ்க் மக்களின் நிலம். ஸ்பெயினுள் நான்கு மாகாணங்கள், பிரான்சினுள் மூன்று. அவர்களுடைய மொழி ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு காட்டாதது. பில்பாவோவின் இரும்பும் கப்பலும் ஆங்கிலேயரை அங்கே வரவழைத்தன; ஆங்கிலேயரோடு உதைபந்தும் வந்தது. 1915ஆம் ஆண்டளவிலேயே அவர்களின் பிரதிநிதித்துவ அணியொன்று கற்றலோனியருடன் ஆடியிருக்கிறது. எனினும் அந்த அணியின் உண்மையான பிறப்பு யுத்தத்திலேதான் நிகழ்ந்தது.

1936ஆம் ஆண்டு ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் பாஸ்க் தன்னாட்சி அரசின் தலைவராகக் கெர்னிகா நகரத்து ஓக் மரத்தின் கீழே சத்தியப்பிரமாணம் செய்துகொண்டவர் ஹோசே அந்தோனியோ அகிர்ரே. அம்மரத்தடியில் ஊர்ச்சபை கூடுவது அம்மக்களின் பழைய வழக்கம். பெயரிலேயே வேம்பை வைத்திருக்கும் ஊரிற் பிறந்த எனக்கு இது சற்றும் அந்நியமாகப் படவில்லை. இளமையிலே அத்லெட்டிக் பில்பாவோ கழகத்துக்கு ஆடியவர் அகிர்ரே. அகதிகளுக்குப் பணமும், தம் மக்களுக்கு உலகின் செவியும் வேண்டியிருந்த வேளையில், உதைபந்தாட்டக்காரர் ஒருவருக்குத் தோன்றக்கூடிய யோசனையே அவருக்கும் தோன்றியது. அவ்வரசின் ஆதரவில் ஓர் அணி திரட்டப்பட்டு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது. அதன் பெயர் எவுஸ்காடி.

இது ஏதோ கிராமத்து இளைஞர் கூட்டம் என்று எண்ணிவிடலாகாது. 1934ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் ஸ்பெயினுக்காக ஆடிப் பிரேசிலை மூன்றுக்கு ஒன்றாக வென்றவர்களிற் பலர் இதிலே இருந்தனர். இசிட்ரோ லங்காரா அந்த ஆட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டவர். ஸ்பானிய லீக்கில் அடுத்தடுத்து மூன்று பருவங்கள் அதிக கோல்கள் அடித்தவர். லூயிஸ் ரெகெய்ரோ, இரரகோர்ரி, சிலௌரன், கோரோஸ்தீசா ஆகியோரும் அவருடன் வந்தனர். கோல் காப்பாளர் பிளாஸ்கோ. பதினேழு வயதிலேயே ஸ்பெயினுக்கு ஆடிவிட்ட சுபியேத்தா கூட்டத்தில் இளையவர். பயிற்றுவித்தவர் பேதுரோ வல்யானா. ஸ்பெயினின் சட்டையை அணிந்தவர்களே அதனைக் கழற்றி இன்னொரு சட்டையை அணிந்தார்கள்.

முதல் ஆட்டம் பாரிஸ் நகரில், 1937 ஏப்ரல் 26ஆம் திகதி. எதிரணி ரேசிங் கழகம். மூன்றுக்குப் பூச்சியம் என வென்றனர். மூன்று கோல்களும் லங்காராவுடையவை. அதே ஏப்ரல் 26ஆம் திகதி, சந்தை நாளாகிய திங்கட்கிழமை, ஜெர்மனிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகா நகரைக் குண்டு வீசித் தகர்த்தன. ஊர் எரிந்தது, ஓக் மரம் தப்பியது. பாரிஸிலே வெற்றிக் களிப்போடு தங்குமிடம் திரும்பியவர்கள் அச்செய்தியை எந்த முகத்தோடு கேட்டிருப்பார்கள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எட்டவிருந்து ஊரின் செய்தி கேட்பது இன்னதென்று எங்கள் கரையில் அறியாதவர் குறைவு. வானொலிக்கருகே குந்தியிருந்து ஊர்ப்பெயர் வருகிறதா என்று செவிகொடுத்த இரவுகள் எங்களுக்கும் இருந்தன.

அதன்பின் அணி கிழக்கு நோக்கிச் சென்றது. செக்கோஸ்லொவாக்கியா, போலந்து, பின்னர் சோவியத் நாடு. ஜூன் 19ஆம் திகதி பில்பாவோ பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின் அவர்கள் மொஸ்கோவிலே லொக்கோமோட்டிவ் அணியை ஐந்துக்கு ஒன்றாக வென்றார்கள். திரும்பிச் செல்ல ஊரில்லை. ஆகவே ஆடினார்கள் போலும். மொஸ்கோ, லெனின்கிராட், கீவ், திபிலீசி, மின்ஸ்க் என்று ஒன்பது ஆட்டங்கள். ஏழிலே வெற்றி, ஒன்று சமநிலை. ஒரேயொரு தோல்வி ஸ்பார்த்தாக் அணியிடம், ஆறுக்கு இரண்டாக. அதிலும் மத்தியஸ்தர் வழங்கிய தண்ட உதையொன்றைப் பற்றிய வழக்கு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. தோல்வியைவிட முக்கியமானது வேறொன்று. பின்காப்பில் மூவரை நிறுத்தி ஆடும் புதிய முறையை அவர்களிடம் கண்ட சோவியத் பயிற்றுநர்கள் தம் ஆட்டத்தையே மாற்றியமைக்கத் தலைப்பட்டனர். அகதியாக வந்தவன் வீட்டுக்காரனுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போன கதை இது.

அவ்வாண்டிலேயே பாஸ்க் பெற்றோர் பல்லாயிரம் குழந்தைகளைக் கப்பலேற்றி அந்நிய நாடுகளுக்கு அனுப்பினர். ஹபானா என்ற ஒரே கப்பலில் ஏறத்தாழ நாலாயிரம் சிறுவர் மே மாதத்தில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் துறையிலே இறங்கினர். சோவியத் நாட்டுக்குச் சென்ற சிறுவரில் ஒருவரான அகுஸ்தீன் கோமெஸ் பின்னாளில் மொஸ்கோ தோர்ப்பெடோ அணியின் தலைவராகவே உயர்ந்தார். இங்கிலாந்துக்குச் சென்ற இரைமுந்தோ லெசாமா நாடு திரும்பி அத்லெட்டிக் கழகத்தின் கோலைக் காத்தார். ஆட்டக்காரரின் பயணச் சீட்டும் குழந்தைகளின் பயணச் சீட்டும் ஒரே தீயின் முன் எழுதப்பட்டவை.

கோடை முடிந்தபோது ஒவ்வொருவரும் தத்தம் முடிவை எடுக்க வேண்டியதாயிற்று. கோரோஸ்தீசா போன்ற மிகச் சிலர் பிராங்கோவின் ஸ்பெயினுக்குத் திரும்பினர். அவர்களைத் துரோகிகள் என்று எழுதிய ஏடுகள் உண்டு. எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. ஏனையோர் கடல் கடந்து மெக்ஸிக்கோ சென்றனர். இதனிடையே பிராங்கோ தரப்பின் சம்மேளனத்தைப் பீஃபா ஏற்றுக்கொண்டுவிட்டமையால், எவுஸ்காடியோடு ஆடுவோருக்குத் தண்டனை காத்திருந்தது. 1938இல் ஆர்ஜென்டீனாவுக்குச் சென்றவர்கள் அங்கே ஆட அனுமதியின்றிக் காத்துக் காத்துச் சலித்தனர். உலகத்தின் சிறந்த முன்னணி ஆட்டக்காரரில் ஒருவர், பந்து காலருகே இருக்க, ஒரு கடிதத்தினால் தடுக்கப்பட்டு நின்ற காட்சியை எண்ணுங்கள்.

மீண்டும் மெக்ஸிக்கோ அவர்களுக்குக் கதவு திறந்தது. 1938-39ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு தேசத்தின் அணி, வெறும் கழகமொன்றாகப் பதிவு செய்துகொண்டு, அந்நாட்டு லீக்கிலே ஆடியது. அதே லீக்கில் ஸ்பானியக் குடியேறிகளின் 'எஸ்பாஞ்ஞா' என்ற கழகமும் இருந்தது என்பது சரித்திரத்தின் குறும்பு. எவுஸ்காடி இரண்டாமிடம் பெற்றது. அஸ்தூரியாஸ் கழகம் முதலிடம். 1939இல் போர் முடிந்தது, அணி கலைந்தது. சான் லொரென்சோ கழகத்தோடு ஒப்பந்தமான லங்காரா, கப்பலால் இறங்கிய கையோடு புவனெஸ் அயரிஸில் ரிவர் பிளேட் அணிக்கெதிராக ஆடி, முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் போட்டார். ரெகெய்ரோ மெக்ஸிக்கோவிலே குடியமர்ந்தார். அவர் மகன் வளர்ந்து மெக்ஸிக்கோவின் தேசிய அணிக்கு ஆடினார். தந்தை ஸ்பெயினுக்கும் எவுஸ்காடிக்கும் ஆடியவர். மகனுக்குக் கடவுச்சீட்டுத் தந்த நாடு மூன்றாவது. புலம்பெயர்ந்தோர் குடும்பங்களை அறிந்தவர்க்கு இதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை.

பின்னர் நீண்ட மௌனம். பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் கொடியை ஏற்றுவது குற்றம். 1975 நவம்பரில் அவர் இறந்தார். தடை மட்டும் இறக்கவில்லை. 1976 டிசம்பர் 5ஆம் திகதி சான் செபஸ்தியன் நகரில், அவ்வூர் ரியால் சொசியடாட் கழகமும் பில்பாவோவின் அத்லெட்டிக் கழகமும் மோதின. அன்று ஆடுவோர் பட்டியலில் இடம்பெறாத உரங்கா என்ற ஆட்டக்காரர், தம் சகோதரி வீட்டில் தைத்த கொடியை மறைத்து மைதானத்துக்குள் கொண்டு வந்தார். இரு அணித் தலைவர்களான கொர்த்தபர்ரியாவும் இரிபாரும் அதனை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்தனர். தொண்ணூறு நிமிடம் ஒருவரை ஒருவர் வெல்ல முனையப் போகிறவர்கள் அவர்கள். அத்லெட்டிக் அன்று ஐந்து கோல்கள் வாங்கித் தோற்றது. அந்தக் கணக்கைத் தேடித்தான் அறிந்துகொண்டேன், நினைவில் வைத்திருப்போர் அரிது. அடுத்த மாதமே கொடி சட்டத்தின் அனுமதி பெற்றது. 1979 ஆகஸ்டில் பாஸ்க் அணி மறுபடியும் களமிறங்கி, சான் மமெஸில் அயர்லாந்தை நான்குக்கு ஒன்றாக வென்றது. அதன்பின் ஆண்டிறுதி விடுமுறையில் ஓர் ஆட்டம் என்பது வழக்கமாயிற்று.

இதுவரை சொன்னதில் வீரமும் துயரமும் நிரம்ப உண்டு. ஆனால் என்னை உண்மையிலே பிடித்து நிறுத்தியது பிற்காலத்துச் சண்டையொன்று. அது பகைவரோடு நடந்ததன்று, தமக்குள்ளே நடந்தது. அணியின் பெயர் என்ன? 'எவுஸ்காடி' என்றால் ஸ்பெயினிலுள்ள மூன்று மாகாணங்களின் தன்னாட்சிப் பிரதேசத்தையே குறிக்கும் என்றனர் ஒருசாரார். 'எவுஸ்கால் எரியா' என்றால் நவார்ராவும் பிரான்சிலுள்ள மாகாணங்களும் சேர்ந்த ஏழுமாகும். ஆகவே அதுவே வேண்டும் என்றனர். 2008இல் இந்தப் பெயர்ப் பிணக்கினால் ஆண்டிறுதி ஆட்டமே நடைபெறவில்லை. பிரான்சின் பக்கத்தில் பிறந்து, 1998இல் பிரான்சோடு உலகக் கிண்ணம் வென்ற லிசராசு, பாஸ்க் அணிக்கும் ஆடியவர். அவரை உள்ளே சேர்க்கும் பெயர் எது, வெளியே நிறுத்தும் பெயர் எது என்பதே வழக்கு.

ஒரு சொல்லுக்காக ஓர் ஆட்டத்தை இழப்பதா என்று நகைப்போரும் உண்டு. நான் நகையாடவில்லை. கடவுச்சீட்டு உள்ள நாடு, 'நாம் யார்' என்ற கேள்வியைக் குடிவரவுத் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக ஆடச் செல்கிறது. அந்நாட்டுக் குடியுரிமையோடு பாட்டனார் பிறந்த ஊரின் பத்திரம் ஒன்றைக் காட்டினால் பீஃபாவுக்குப் போதும். நாடில்லாத அணிக்கு அந்த வசதி இல்லை. சட்டை தைக்குமுன்னர் அது தன் எல்லையைத் தானே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கீழ்கரையில் இந்தக் கேள்விக்குப் பழைய விடைகள் உண்டு. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டை வாசகர்கள் அறிவர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகளைக் கொளுவி, வடம் பூட்டி இழுக்கையில் எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். எந்தச் சேரிக்குத் தோள் கொடுப்பது என்று எவரும் அங்கே யோசிப்பதில்லை. பிறந்தபோதே தீர்ந்த காரியம் அது. அன்றியும், தாய்வழியாக வரும் குடிமுறை இங்கே தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடி கேட்டு மரியாதை செய்த காலம் வெகு தொலைவிலில்லை. ஒரே மொழி, ஒரே குடிமுறை, ஒரே கடல். ஆயினும் ஒரே சட்டையா?

நண்பர் அந்த இடத்துக்குத்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார். "நம்மட ஆக்களுக்கும் இப்பிடி ஒரு ரீம் இருக்கெண்டு சொன்னாங்களே?"

உண்டு. 2012இல் தமிழீழம் என்னும் பெயரால் ஓர் அணி புலம்பெயர் நாடுகளில் அமைக்கப்பட்டது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வளர்ந்த இளைஞர்களே ஆட்டக்காரர். அவ்வாண்டு ஈராக்கின் குர்திஸ்தானில் நடைபெற்ற, பீஃபாவுக்கு வெளியே நின்ற அணிகளின் விவா உலகக் கிண்ணத்தில் ஒன்பது அணிகளுள் ஏழாமிடம் பெற்றது. 2013இல் கொனிஃபா என்ற புதிய சம்மேளனம் பிறந்தது. அதன் முதல் உலகப் போட்டி 2014இல் சுவீடனின் ஒஸ்தர்சுண்ட் நகரில். பன்னிரண்டு அணிகளுள் பதினோராமிடம். பின்னாலிருந்த ஓர் அணி டார்பூர் அகதிகளுடையது. 2018இல் இலண்டனில் பதினாறு அணிகள் கூடியபோது, முதல் நாளிலேயே சோமாலிய வம்சாவளியினரான பரவா அணியிடம் நான்கு கோல்களால் தோற்றது; பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் தோல்வியே. லங்காராவோ ரெகெய்ரோவோ இங்கில்லை. வேலைக்கும் படிப்புக்கும் இடையே பயிற்சி செய்த பிள்ளைகள்; ஊரை விட்டுப் போனவர்களின் மக்கள். அவர்களில் அநேகர் அந்த ஊரைக் கண்ணாற் கண்டு வளர்ந்தவர்களல்லர். தோற்றாலும் வந்து நின்றார்கள் என்பதை நான் சிறிதாகக் கருதவில்லை.

அந்தப் பெயரை இலங்கையிலே சட்டையில் எழுதி அணிவது இலேசான காரியமன்று. தனிநாட்டைக் கோருவதையும் ஆதரிப்பதையும் 1983இன் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் தடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற இலங்கை அணியின் நிலைமையும் பெருமைக்குரியதாயிருக்கவில்லை; வெளித் தலையீடு காரணமாக 2023 ஜனவரியில் பீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஆகஸ்டிலே தடையை நீக்கியது. அதன்பின் உத்தியோகபூர்வ அணியும் வெளிநாட்டில் வளர்ந்த இலங்கை வம்சாவளி ஆட்டக்காரரை நாடத் தொடங்கியிருக்கிறது. நாடுள்ளோரும் நாடற்றோரும் ஒரே பிள்ளைகளின் கதவைத் தட்டுகிறார்கள்.

இவற்றையெல்லாம் நண்பர் பொறுமையோடு கேட்டார். பிறகு, "அந்த ஈழத்துக்குள்ள அக்கரைப்பத்தும் வருமா மச்சான்?" என்றார். வரும், வரைபடத்தில் கிழக்கு மாகாணம் முழுவதும் வரும் என்றேன். "அப்ப நான்?"

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்களிருவரும் ஒரே பக்கத்துக்கு ஆடியவர்கள். அவர் கோல் காப்பாளர். நான் வலப்புறக் காப்பாளன். மணலில் அவர் பாய்ந்து விழுந்தெழுந்த காலங்களில் எங்கள் அணிக்கு எந்த நாட்டின் பெயரும் இருக்கவில்லை. பின்னர் 1990 வந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எமது மாவட்டத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். எல்லாம் அந்த ஓராண்டிலே. அவருடைய மைதானத்தில் நானும், என்னுடைய மைதானத்தில் அவரும் பல வருடம் கால் வைக்கவில்லை. அக்காலத்தைப் பற்றி நாங்கள் இன்றுவரை முழுமையாகப் பேசிக்கொண்டதுமில்லை.

ஆகவே அவருடைய 'அப்ப நான்?' என்பதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. பாஸ்க் மக்கள் பெயர் ஒன்றுக்காக ஓர் ஆட்டத்தைக் கைவிட்டார்கள் என்றால், லிசராசு போன்ற ஒருவர் 'அப்ப நான்?' என்று கேட்குமுன்னரே அந்தக் கேள்வியை அவர்கள் மேசைமேல் வைத்தார்கள் என்பதே பொருள் என்று சொன்னேன். அது அவருக்கு விடையாகாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நண்பர் தேநீரை முடித்தார். கைத்தொலைபேசியை எடுத்து, சான் மமெஸ் அரங்கின் கூட்டத்தை இன்னொருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "வயசு எழுபது ஆகப் போகுது. இல்லாட்டி கோல் காக்க ஒரு விண்ணப்பம் போட்டுப் பாத்திருப்பன். எழுதிக் குடுக்க நீ இருக்காய்தானே" என்று சிரித்தார். ழுஹர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்து, வேலியோரம் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். விண்ணப்பத்தில் 'நாடு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று படலையடியில் நின்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன்னர் சைக்கிள் வீதிக்கு ஏறிவிட்டது.